கெர்பரோஸ் டிக்கெட்: கேட்கும்போதே அளந்து கேள்

கெர்பரோஸ் ஓடும் ஆபீஸில் சர்வர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் தங்கச்சி. முதல் வாரமே உன்னைப் பதற வைக்கப்போவது, டிக்கெட் வழங்கும் சர்வரான கே.டி.சி.-யின் லாக்கில் வரும் ஒரு வரிதான். "கூடுதல் ப்ரீ-ஆதென்டிகேஷன் தேவை" என்று அது சொல்லும். யாரோ லாகின் செய்ய முடியாமல் தவிக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து ஓடாதே. அது பிழையே இல்லை. ஒழுங்காக அமைத்த இடத்தில் பாஸ்வேர்ட் லாகின் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும்.

நடப்பதைச் சொல்கிறேன், கேள். நீ கே-இனிட் என்று தட்டியதும் உன் கணினி, கே.டி.சி.-யின் 88-ஆம் போர்ட்டுக்கு ஒரு வெறும் கோரிக்கையை அனுப்பும். இன்னார் வந்திருக்கிறேன், டி.ஜி.டி. (மற்ற டிக்கெட்டுகளை வாங்கக் காட்டும் முதல் டிக்கெட்) வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும். கே.டி.சி. உடனே தராது. 25-ஆம் எண் பதிலைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதிலுக்குள்ளேயே உனக்கு வேண்டிய விவரமும் இருக்கும்: எந்த வகை என்கிரிப்ஷன், பாஸ்வேர்டோடு சேர்க்க வேண்டிய சால்ட் எது, எந்தெந்த வழியில் நீ உன்னை நிரூபிக்கலாம் என்பதெல்லாம். இதைப் பார்த்த பிறகுதான் உன் கணினி பாஸ்வேர்டை வாங்கி, சால்ட்டோடு சேர்த்து ஒரு சாவி செய்கிறது. அந்தச் சாவியால் இப்போதைய நேரத்தை என்கிரிப்ட் செய்து இரண்டாவது கோரிக்கையில் வைக்கிறது. கே.டி.சி. தன்னிடம் இருக்கும் உன் சாவியால் அதைத் திறந்து பார்க்கும். திறந்துவிட்டது, உள்ளே இருக்கும் நேரமும் 5 நிமிட வித்தியாசத்துக்குள் இருக்கிறது என்றால் வந்தது நீதான் என்று ஒப்புக்கொள்ளும். பாஸ்வேர்ட் ஒருமுறைகூட ஒயரில் போகவில்லை. இந்த இரண்டாம் கோரிக்கையில் போகும் நிரூபணத்துக்குத்தான் ப்ரீ-ஆத் என்று பெயர்.

ஆக ஒரு லாகினுக்கு லாக்கில் இரண்டு வரி இருக்கும். முதலில் 'நீடட் ப்ரீ-ஆத்', அடுத்து 'இஷ்யூ'. முதல் வரி மட்டும் தனியே நின்றால், பெரும்பாலும் ஆள் பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில் கைவிட்டிருப்பார். நீ கவனிக்க வேண்டிய எண்கள் வேறு. 24 வந்தால் சாவி பொருந்தவில்லை. அநேகமாகப் பாஸ்வேர்ட் தப்பு. 37 வந்தால் கடிகாரம் தப்பு. 6 வந்தால் அந்தப் பெயரில் ஆளே இல்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதே. விண்டோஸ் சர்வரின் ஈவென்ட் வியூவர் இதே எண்களை ஹெக்ஸில் காட்டும். அங்கே 4771 என்ற ஈவென்ட்டில் 0எக்ஸ்18 என்று பார்த்தால் அது நம் 24, தப்புப் பாஸ்வேர்ட். 0எக்ஸ்25 என்று பார்த்தால் அது 25 இல்லை, 37. அதாவது கடிகாரச் சண்டை. லினக்ஸ் பக்கம் 25 சாதாரணம் என்று பழகிய கண்ணோடு விண்டோஸ் பக்கம் போய் 0எக்ஸ்25-ஐ "இது வழக்கம்தான்" என்று தள்ளிவிட்டால், காலை முழுக்க ஒரு பிரிவே வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

கடிகாரத்துக்கு ஒரே மருந்துதான்: எல்லா மெஷினிலும் க்ரோனி அல்லது வேறு என்.டி.பி. சேவை ஓட வேண்டும், கே.டி.சி. உட்பட. நிறுத்தி வைத்து மறுபடி எழுப்பிய வர்ச்சுவல் மெஷின்கள்தான் அதிகம் தடுமாறும். அவற்றை முதலில் பார்.

எதற்கு இந்த இரட்டைச் சுற்று என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். காரணம் தெரியாமல் வைத்த பூட்டை யாரும் சுலபமாகக் கழற்றிவிடுவார்கள்.

எம்.ஐ.டி.-யில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது கெர்பரோஸ். வெளியுலகுக்கு முதலில் வந்த நான்காம் பதிப்பை முக்கியமாக வடிவமைத்தவர்கள் ஸ்டீவ் மில்லரும் கிளிஃபோர்ட் நியூமனும். அந்தப் பதிப்பில் ப்ரீ-ஆத் கிடையாது. யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லி டிக்கெட் கேட்கலாம், கே.டி.சி. கொடுத்துவிடும். கொடுத்தால் என்ன, பதிலின் ஒரு பகுதி அந்த ஆளின் பாஸ்வேர்டில் இருந்து பிறந்த சாவியால் பூட்டப்பட்டிருக்கிறதே, மற்றவரால் திறக்க முடியாதே என்பதுதான் கணக்கு. ஆனால் திருடனுக்கு அந்த இடத்திலேயே திறக்க வேண்டிய அவசியம் இல்லை. பதிலை வீட்டுக்கு எடுத்துப் போய், அகராதியில் இருக்கும் சொற்களையும் மனிதர்கள் வழக்கமாக வைக்கும் பாஸ்வேர்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். எத்தனை கோடி முறை முயன்றாலும் கே.டி.சி.-க்குத் தெரியாது. கணக்கு லாக் ஆகாது, லாக்கில் ஒரு வரி விழாது. கெர்பரோஸின் குறைகளைப் பற்றி ஸ்டீவன் பெல்லோவினும் மைக்கேல் மெரிட்டும் 1990-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகவே சுட்டிக் காட்டினார்கள்.

1993-இல் ஆர்.எஃப்.சி. 1510 ஆக வந்த ஐந்தாம் பதிப்பில் ப்ரீ-ஆத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். இன்று நாம் பின்பற்றும் ஆர்.எஃப்.சி. 4120 வந்தது 2005-இல். இரண்டிலும் இடம் இருக்கிறதே தவிர, கட்டாயம் இல்லை. கட்டாயம் ஆக்க வேண்டியது அட்மினாகிய நீ. இந்த ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்.

விதிவிலக்குக் கணக்குகளைத் தேடு

எம்.ஐ.டி. கெர்பரோஸில் புதிதாக ஒரு ரெல்ம் அமைத்தால், அதில் உருவாக்கும் பிரின்சிபல்களுக்கு, அதாவது பயனர், சேவைப் பெயர்களுக்கு, ப்ரீ-ஆத் தானாக வராது. கே.டி.சி.-யின் கான்ஃபிக் ஃபைலில் 'டிஃபால்ட் பிரின்சிபல் ஃப்ளாக்ஸ்' என்ற இடத்தில் கூட்டல் குறியோடு ப்ரீ-ஆத் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதிவிட்டோம், முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடாதே. அது இனிமேல் பிறக்கும் பிரின்சிபல்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ஏற்கெனவே இருப்பவற்றுக்கு கே-அட்மினில் 'மாட்பிரின்க்' கட்டளையால் 'ரிக்வயர்ஸ் ப்ரீ-ஆத்' என்பதை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

யாருக்கு இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பெயராக கெட்பிரின்க் போட்டுப் பார்த்தால் கண் வலிக்கும். கே.டி.பி.5-யூட்டிலின் 'டேப்-டம்ப்' கட்டளையில் பிரின்சிபல் ஃப்ளாக் பட்டியலைக் கேள். மொத்த டேட்டாபேஸும் வரிசையாக வந்து விழும், ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வடிகட்டிக்கொள்ளலாம். இதே கட்டளையில் டிக்கெட் பாலிசிப் பட்டியலும் கிடைக்கும். பின்னால் அது உதவும்.

ஆக்டிவ் டைரக்டரியில் நிலைமை தலைகீழ். அங்கே ப்ரீ-ஆத் இயல்பாகவே கட்டாயம். ஆனால் ஒவ்வொரு பயனர் கணக்கிலும் 'கெர்பரோஸ் ப்ரீ-ஆதென்டிகேஷன் வேண்டாம்' என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. பழைய யூனிக்ஸ் அப்ளிகேஷன் ஒன்று சண்டித்தனம் பண்ணியபோது, யாரோ அவசரத்தில் அதை டிக் செய்திருப்பார்கள். அப்ளிகேஷன் போன பிறகும் டிக் அப்படியே இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியின் நிறுவல் கையேட்டிலேயே இதை டிக் செய்யச் சொல்லியிருந்தது. கேட்டால், "எல்லா இடத்திலும் அப்படித்தான் போடுகிறோம்" என்றார்கள். விடாமல் டெஸ்ட் சர்வரில் டிக்கை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். அது இல்லாமலே அழகாக ஓடியது.

இப்படி விட்ட கணக்குகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் பதிலை வாங்கி வீட்டில் வைத்து உடைப்பதற்கு 'ஏ.எஸ்.-ரெப் ரோஸ்டிங்' என்றே பெயர் வந்துவிட்டது. நான்காம் பதிப்பின் அதே பழைய ஓட்டைதான். அவர்கள் தேடும் முன் நீ தேடு. பவர்ஷெல்லில் கெட்-ஏ.டி.யூசர் கட்டளையில் 'டஸ் நாட் ரிக்வயர் ப்ரீ-ஆத்' என்ற பண்பு உண்மையாக இருக்கும் கணக்குகளைக் கேட்டால் போதும். எல்-டாப் வழியாகத் தேடினால், யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோலில் 4194304 என்ற பிட்டைப் பார். கண்காணிப்புக்கு 4768 ஈவென்ட். அதில் ப்ரீ-ஆத் வகை 0 என்று இருந்தால், நிரூபணம் இல்லாமலே டிக்கெட் போயிருக்கிறது. 2 என்றால் என்கிரிப்ட் செய்த நேரம் வந்திருக்கிறது.

இன்னொரு நன்மையையும் சொல்லிவிடுகிறேன். தப்புப் பாஸ்வேர்டை எண்ணிக் கணக்கை லாக் செய்யும் பாலிசி வைத்திருப்பாய். ப்ரீ-ஆத் இல்லாத கணக்கில் அந்தப் பாலிசிக்கு வேலையே இல்லை. பாஸ்வேர்ட் சரியா தப்பா என்று கே.டி.சி.-க்குத் தெரிந்தால்தானே எண்ணும்?

பயனர்களுக்குப் போட்டதோடு நிறுத்தாதே. சேவைகளின் பிரின்சிபலிலும் இதே ஃப்ளாக்கை வைக்கலாம். அங்கே அதன் அர்த்தம் கொஞ்சம் வேறு: ப்ரீ-ஆத் செய்து டி.ஜி.டி. வாங்கியவருக்கு மட்டும்தான் இந்தச் சேவைக்கு டிக்கெட் கிடைக்கும். சம்பளக் கணக்கு, பேக்கப் போன்ற சேவைகளுக்கு இதைப் போடு. ஆனால் பயனர்களை முடித்த பிறகு போடு. வரிசை மாறினால் ப்ரீ-ஆத் இல்லாமல் வந்தவர்கள் காலையில் லாகின் ஆவார்கள், அந்தச் சேவை மட்டும் கதவைத் திறக்காது. காரணம் புரியாமல் உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

முன் கதவை அடைத்தால் பின் கதவு ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒருவர், தன் சொந்த டி.ஜி.டி.-யைக் காட்டி, இன்னொரு பயனரின் பெயரையே ஒரு சேவைபோலச் சொல்லி டிக்கெட் கேட்கலாம். வரும் டிக்கெட் அந்தப் பயனரின் பாஸ்வேர்ட் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். மறுபடியும் வீட்டுக்கு எடுத்துப் போய் உடைக்கும் கதைதான். எம்.ஐ.டி. கெர்பரோஸில் மனிதர்களின் பிரின்சிபல்களுக்கு 'அலவ் எஸ்.வி.ஆர்.' என்பதைக் கழித்தல் குறியோடு போட்டுவிடு. கதவு மூடும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ப்ரீ-ஆத் போட்டுவிட்டால் பாஸ்வேர்ட் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. என்கிரிப்ட் செய்த நேரம் நெட்வொர்க்கில் போகிறது. நடுவே ஒட்டுக் கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு போய் உடைக்க முயலலாம். யாரோ எங்கிருந்தோ கேட்டு வாங்குவதைத் தடுத்தாய், ஒயரில் காத்திருப்பவரைத் தடுக்கவில்லை. அதற்கு மூன்று வழி உண்டு.

ஒன்று ஃபாஸ்ட். 2011-இல் ஆர்.எஃப்.சி. 6113-ஆக வந்தது. மெஷினின் டிக்கெட்டைக் கவசமாகப் போட்டு, அதற்குள்ளே பயனரின் ப்ரீ-ஆத்தை அனுப்பும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் 'கெர்பரோஸ் ஆர்மரிங்' என்ற பெயரில் இருக்கிறது. இரண்டு, பி.கே.இனிட்: பாஸ்வேர்டுக்குப் பதில் சான்றிதழ், பெரும்பாலும் ஸ்மார்ட் கார்டில். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ஸ்பேக். பாஸ்வேர்டை வைத்தே இரு பக்கமும் சாவி பேசிக்கொள்ளும், ஆனால் ஒட்டுக் கேட்டவர் கையில் வீட்டில் வைத்து உடைக்கிற மாதிரி எதுவும் மிஞ்சாது. எம்.ஐ.டி. கெர்பரோஸ் 1.17 பதிப்பிலேயே வந்துவிட்டது, 2024-இல் ஆர்.எஃப்.சி. 9588 ஆகவும் ஆனது. கவனி: பயனர் மெஷினில் அது இயல்பாகவே தயாராக இருக்கும். கே.டி.சி. பக்கம்தான் 'ஸ்பேக் ப்ரீ-ஆத் குரூப்ஸ்' என்ற வரியில் எட்வர்ட்ஸ்25519 என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான். எழுதாமல் விட்ட இடங்கள் நிறைய.

இதோடு ஆர்.சி.4-ஐயும் ஒழித்துவிடு. அதில் சாவி செய்யும்போது சால்ட்டே கிடையாது, ஒரே ஒரு எம்.டி.4 சுற்றுதான். ஏ.இ.எஸ்.-இல் சால்ட் உண்டு, வழக்கமான அமைப்பில் 4096 சுற்று உண்டு. உடைக்க வருகிறவர் ஒவ்வொரு ஊகத்துக்கும் அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். 2018-இல் ஆர்.எஃப்.சி. 8429 ஆர்.சி.4-ஐக் கைவிடச் சொல்லிவிட்டது. பழைய கணக்குகளில் ஏ.இ.எஸ். சாவி இருக்காது, ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றினால்தான் பிறக்கும். அதை மறந்துவிட்டு ஆர்.சி.4-ஐ நிறுத்தினால் அந்தக் கணக்குகள் வெளியே நிற்கும்.

கீடேப் பொருந்தாதபோது

மனிதர் யாரும் இல்லாத இடத்தில், இரவு ஓடும் ஜாபில், "ப்ரீ-ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்" என்று வந்தால் பாஸ்வேர்ட் தப்பு என்று யாரைச் சொல்வது? அங்கே பாஸ்வேர்டுக்குப் பதில் கீடேப் ஃபைல். அதில் இருக்கும் சாவியும் கே.டி.சி.-யில் இருக்கும் சாவியும் வேறு வேறாகிவிட்டன என்பதுதான் செய்தி.

பெரும்பாலும் நடப்பது இது. இரண்டாவது சர்வருக்கும் அதே கீடேப் வேண்டும் என்று யாரோ கே-அட்மினில் 'கே.டி.-ஆட்' போட்டிருப்பார்கள். அந்தக் கட்டளை சாவியை நகல் எடுப்பதில்லை, புதிய சாவி செய்து எழுதுகிறது. அந்த நொடியே முதல் சர்வரின் கீடேப் செத்துவிடும். ஃபைலைப் பாதுகாப்பான வழியில் காப்பி செய்; முடியாவிட்டால் கே.டி.சி. மெஷினிலேயே கே-அட்மின்.லோக்கலில் 'நோ ரேண்ட்-கீ' சேர்த்து எடு. சந்தேகம் வந்தால் கே-லிஸ்டில் -கே போட்டு கீடேபில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார், கெட்பிரின்க் போட்டு கே.டி.சி.-யில் இருக்கும் எண்ணைப் பார். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் விஷயம் முடிந்தது.

எண் ஒன்றாக இருந்தும் பொருந்தவில்லையா? ஆக்டிவ் டைரக்டரிக்கு, பாஸ்வேர்டைத் தட்டி கே.டி.-யூட்டிலில் கீடேப் செய்திருந்தால் சால்ட்டைச் சந்தேகப்படு. சால்ட்டில் ரெல்மின் பெயரும் ஆளின் பெயரும் கலந்திருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் சாவி மாறிவிடும். 25-ஆம் எண் பதிலில் சால்ட் வரும் என்றேனே, அதை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. கே.ஆர்.பி.5 ட்ரேஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஸ்டாண்டர்ட் எரரைக் கொடுத்துவிட்டு கே-இனிட் ஓட்டு. போன கோரிக்கை, வந்த பதில், தேர்ந்தெடுத்த முறை எல்லாம் வரிவரியாகத் திரையில் வரும். ஊகம் பண்ணி மூன்று பேரைக் கேட்பதைவிட இந்த ஒரு ஓட்டம் மேல்.

டிக்கெட்டில் எதையெல்லாம் கேட்பது

இப்போது டிக்கெட்டுக்கு வருவோம். நான் உனக்குச் சொல்ல நினைத்ததே இதற்காகத்தான். டிக்கெட்டில் நீ கேட்டு வாங்கும் ஒவ்வொரு ஆப்ஷனும் உனக்கு ஒரு வசதி. அந்த டிக்கெட்டைத் திருடுகிறவருக்கும் அதே வசதி. வேலைக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கேள்.

முதலில் ஆயுள். நான்காம் பதிப்பில் ஆயுளைக் குறிக்க ஒரே ஒரு பைட்தான் இருந்தது, ஐந்து ஐந்து நிமிடமாக எண்ணினார்கள். ஆகவே 21 மணி 15 நிமிடத்துக்கு மேல் எந்த டிக்கெட்டும் வாழ முடியாது. இரண்டு நாள் ஓடும் கணக்கீடு நடுவிலேயே செத்துப் போகும். ஐந்தாம் பதிப்பில் தொடக்கம், முடிவு என்று நேரத்தையே எழுதுவதால் அந்தத் தடை போயிற்று. தடை போனதும் சிலர் வாரக் கணக்கில் ஆயுள் கொடுக்க ஆரம்பித்தார்கள். அது வேண்டாம். கொடுத்த டிக்கெட்டை கே.டி.சி. திரும்ப வாங்க முடியாது. முடிவு நேரம் வரும் வரை அது செல்லும். வேலை நாள் எவ்வளவோ அவ்வளவு போதும். விண்டோஸ் இயல்பாகக் கொடுப்பது 10 மணி நேரம். அதிக அதிகாரம் உள்ளவர்களை 'ப்ரொடெக்டட் யூசர்ஸ்' குழுவில் சேர்த்தால் 4 மணி நேரம்தான்.

நீண்ட வேலைக்கு 'ரினியூவபிள்' டிக்கெட். இதில் இரண்டு ஆயுள் இருக்கும்: இப்போதைய முடிவு நேரம் ஒன்று, புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்ற கடைசி எல்லை ஒன்று. முடிவதற்குள் கே.டி.சி.-யிடம் காட்டினால் புதிய முடிவு நேரத்தோடும் புதிய செஷன் சாவியோடும் திரும்பி வரும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கே.டி.சி.-க்கு மறுக்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் இதன் அழகு. திருட்டுப் போனது தெரிந்துவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் நிறுத்தலாம். முடிந்து போன டிக்கெட்டைப் புதுப்பிக்க முடியாது, அதனால் கடைசி நிமிடம் வரை விடாதே. கே-ரினியூ மாதிரி ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிடு.

கேட்டும் கிடைக்கவில்லை என்ற புகார் இதில்தான் அதிகம். கே-இனிட்டில் சின்ன ஆர் போட்டு 7 நாள் கேட்டிருப்பாய். டிக்கெட் வந்திருக்கும், ஆனால் புதுப்பிக்க முடியாததாக வந்திருக்கும். பெரிய ஆர் போட்டால் "கேட்ட ஆப்ஷனை கே.டி.சி.-யால் தர முடியாது" என்று சொல்லும். கே.டி.சி. நான்கு எண்களைப் பார்த்து அவற்றில் சின்னதைத்தான் கொடுக்கிறது: நீ கேட்டது, உன் பிரின்சிபலின் வரம்பு, ரெல்மின் வரம்பு, அப்புறம் டி.ஜி.டி. எந்தச் சேவைக்கான டிக்கெட்டோ அந்த கே.ஆர்.பி.-டி.ஜி.டி. பிரின்சிபலின் வரம்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எம்.ஐ.டி.-யில் புதுப்பிக்கும் ஆயுள் இயல்பாக 0. ரெல்ம் பிறந்த அன்றே கே.ஆர்.பி.-டி.ஜி.டி. அந்த 0-வோடு பிறந்திருக்கும். பிறகு கான்ஃபிக் ஃபைலில் 7 நாள் என்று எழுதினாலும் பழைய பிரின்சிபலில் இருக்கும் 0 மாறாது. மாட்பிரின்க்கில் 'மேக்ஸ் ரினியூ லைஃப்' கொடுத்து அதையும் மாற்று. ஹடூப் கிளஸ்டர் நடத்துகிறவர்கள் அடிக்கடி முட்டி நிற்கும் இடம் இது. முன்னே சொன்ன டிக்கெட் பாலிசிப் பட்டியலை எடுத்தால் நான்கில் எது 0 என்று ஒரே பார்வையில் தெரியும்.

அடுத்தது 'ஃபார்வர்டபிள்'. இதில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். உன் டி.ஜி.டி.-யின் ஒரு நகலை இன்னொரு மெஷினுக்கு அனுப்பி, அங்கிருந்தும் நீயாகவே சேவைகளைக் கேட்க இது வழி செய்கிறது. நியாயமான தேவை உண்டு. உன் ஹோம் டைரக்டரி கெர்பரோஸ் போட்ட என்.எஃப்.எஸ்.-இல் இருந்தால், எஸ்.எஸ்.ஹெச். செய்து உள்ளே போனதும் அதைத் திறக்க அந்த மெஷினில் டிக்கெட் வேண்டும். ஆனால் வெறுமனே லாகின் ஆவதற்கு இது தேவையே இல்லை, சேவை டிக்கெட் போதும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லா மெஷினுக்கும் அனுப்புகிறார்கள்.

அனுப்பியதும் என்ன ஆகிறது என்று யோசி. நகல் அந்த மெஷினில், பல இடங்களில் டெம்ப் டைரக்டரியில் ஒரு ஃபைலாக உட்கார்ந்திருக்கும். அங்கே ரூட்டாக இருப்பவர் அதை எடுத்து நீயாக நடமாடலாம். உன் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நீ ரெல்ம் முழுவதற்கும் அட்மினாக இருந்தால், யாரோ பாதுகாக்காமல் விட்ட ஒரு டெஸ்ட் மெஷினுக்கு உன் டி.ஜி.டி. போனால் போதும். அதனால் எஸ்.எஸ்.ஹெச். கான்ஃபிகில் ஜி.எஸ்.எஸ். டெலிகேஷனை எல்லா ஹோஸ்ட்டுக்கும் சேர்த்துத் திறந்துவிடாதே. தேவைப்படும் ஹோஸ்ட்டின் பெயரை எழுதி அதற்கு மட்டும் திற. அட்மின் பிரின்சிபல் தனி, தினசரிப் பிரின்சிபல் தனியாக இருக்கட்டும். அட்மினுக்குக் கேட்கும்போது கே-இனிட்டில் பெரிய எஃப் போடு, ஃபார்வர்ட் செய்ய முடியாத டிக்கெட் வரும். ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் கணக்குகளுக்கு 'சென்சிடிவ், டெலிகேட் செய்யக் கூடாது' என்ற டிக்கைப் போடு. இது போட வேண்டிய டிக். எந்த சர்வரை நம்பி அனுப்பலாம் என்று கே.டி.சி.-யே குறித்துக் கொடுக்க 'ஓ.கே. ஆஸ் டெலிகேட்' என்ற ஃப்ளாக் இருக்கிறது. பயனர் பக்கம் அதை மதிக்கச் சொல்லி அமைத்தால்தான் பலன் கிடைக்கும்.

'ப்ராக்ஸியபிள்' இதன் தம்பி. டி.ஜி.டி. முழுதையும் கொடுக்காமல் ஒரு சேவைக்கான டிக்கெட்டை மட்டும் இன்னொருவரிடம் கொடுப்பது. கேட்க நன்றாக இருக்கிறது, பயன்படுத்தும் அப்ளிகேஷனைப் பார்ப்பது அரிது. விட்டுவிடு.

'போஸ்ட்-டேட்டட்' டிக்கெட் என்றும் ஒன்று. நாளை இரவு ஓடும் ஜாபுக்கு இன்றே வாங்கி வைப்பது. 'செல்லாது' என்ற ஃப்ளாக்கோடு வரும். நேரம் வந்ததும் கே-இனிட்டில் சின்ன வி போட்டு கே.டி.சி.-யிடம் காட்டினால் செல்லுபடியாகும். இன்று அந்த வேலைக்குக் கீடேப் போதும். கீடேபின் பர்மிஷன் 600 ஆக இருக்கட்டும், ஒவ்வொரு ஜாபுக்கும் தனிப் பிரின்சிபல் இருக்கட்டும். டிக்கெட்டில் ஐ.பி. முகவரி எழுதும் வசதியும் அப்படித்தான்: நாட் நடுவே இருந்தால் முகவரி பொருந்தாது. இப்போது முகவரி இல்லாமல்தான் டிக்கெட் வருகிறது, அதை மாற்றாதே.

'இனிஷியல்' என்ற ஃப்ளாக்கை நீ கேட்டு வாங்க முடியாது, ஆனால் தெரிந்து வைத்துக்கொள். டி.ஜி.டி.-யைக் காட்டி வாங்காமல் பாஸ்வேர்ட் கொடுத்து நேரடியாக வாங்கிய டிக்கெட் என்பதன் அடையாளம் அது. பாஸ்வேர்ட் மாற்றும் சேவை அப்படிப்பட்ட டிக்கெட்டைத்தான் ஏற்கும். அதனால்தான் டி.ஜி.டி. கையில் இருக்கும்போதும் கே-பாஸ்வேர்ட் உன் பழைய பாஸ்வேர்டைக் கேட்கிறது. உன் டிக்கெட்டைத் திருடியவர் உன் பாஸ்வேர்டை மாற்றி உன்னையே வெளியே தள்ள முடியாமல் இருப்பது இதனால்தான். யாராவது "இது தொல்லை, எடுத்துவிடலாமா" என்று கேட்டால் முடியாது என்று சொல்.

இன்றைக்கே ஒரு வேலை செய். உன் மெஷினில் கே-லிஸ்டில் சின்ன எஃப் போட்டு ஓட்டு. டி.ஜி.டி.-யின் கீழே ஃப்ளாக்குகள் எழுத்துகளாக வரும். பெரிய எஃப் இருந்தால் ஃபார்வர்ட் செய்யக்கூடியது. சின்ன எஃப் இருந்தால் ஏற்கெனவே ஃபார்வர்ட் ஆகி வந்தது. பெரிய ஆர் புதுப்பிக்கக்கூடியது, பெரிய ஐ இனிஷியல், சின்ன ஐ இன்னும் செல்லாதது. பெரிய ஏ இருக்கிறதா என்று குறிப்பாகப் பார், அதுதான் ப்ரீ-ஆத் நடந்ததற்கான முத்திரை. அந்த எழுத்து இல்லையென்றால் உன் சொந்தப் பிரின்சிபலே விதிவிலக்குப் பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொள். கே-டெஸ்ட்ராய் போட்டுவிட்டு, கே-அட்மினைத் திறந்து, முதலில் உன் பெயரிலிருந்தே தொடங்கு.